அவிய ஆயத்தமான வருசம்

அந்தப் பன்ன வச்சிரும்மா, தின்னாத. அது நேத்தையது. எப்படித் தெரியும்னு பாக்கியா? நீ பிச்சப்போ ஓரமெல்லாம் உதிர்ந்துது பாரு. புதுசு உதிராது, இழுக்கும். பஸ் ஸ்டாண்டுல வாங்கினியாக்கும்? இப்பதான் அடுப்புல இருந்து எடுத்தோம்னு சொல்லியிருப்பான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவனும் பிழைக்கணும்லா. இந்தா, என் பையில மக்ரூன் இருக்கு, எடு. கூச்சப்படாத, நம்ம கடைச் சரக்குதான். சாத்தான்குளத்துக்கு அங்கிட்டு நேசபுரம்னு ஒரு ஊரு, கேள்விப்பட்டிருக்கியா? பஸ் நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்ல நம்ம பேக்கரி. எசன்ஸும் கேக்குக்கு அடியில போடுத பேப்பரும் வாங்க திருநெல்வேலிக்கு வந்துட்டு, இப்ப இந்த பஸ்ஸுல திரும்புதேன்.

எம் பேரு மேபல். எங்க வீட்டுக்காரரு, அவிய பேரு கிருபாகரன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து ரெண்டு பேரும் சேந்துதான் கடையப் பாத்தோம். அடுப்பு அவியளுக்கு, கல்லாப்பெட்டி எனக்கு. நல்லாத்தான் ஓடிட்டிருந்துது. அப்படிப்பட்ட கடைக்கு ஒரு வருசம் ஒரு சோதனை வந்துது பாரு. தீப்பிடிச்சுதான்னு கேக்காத. அதைவிடப் பெருசு. அவிய ஆயத்தமாயிட்டாவ.

எதுக்கு ஆயத்தம்னு கேளு. பரலோகத்துக்கு.

நீயும் நம்ம ஆளுதானே? கழுத்துல சிலுவை கெடக்கே. அப்ப சொன்னாப் புரியும். ஆயத்தம்னா நானும் ஆயத்தமான ஆளுதான்மா. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. கைக்குழந்தையில ஞானஸ்நானம், பள்ளிக்கூடம் படிக்கும்போதே திடப்படுத்தல், பெண்கள் ஐக்கியத்துல எத்தனையோ வருசமாச் செயலாளர். வேதம் வாசிக்காம காப்பி குடிக்க மாட்டேன். அவியளும் அப்படித்தான். பாடகர் குழுவுல பின்வரிசையில நின்னு அடிக்குரல்ல பாடுவாவ. யாருகிட்டயும் ஒரு சண்டைக்குப் போனதில்ல. இந்த மனுசனுக்கு இன்னும் என்ன ஆயத்தம் வேணும், சொல்லு?

எல்லாம் பொன்சிங் அண்ணாச்சியால வந்தது. அவியளுக்கு சின்ன வயசுக் கூட்டாளி, ரைஸ் மில் வச்சிருந்தாரு. கிறிஸ்மஸுக்கு முந்தின மாசம், மாடியில நட்சத்திரம் கட்டணும்னு ஏறினவரு, கயித்துல முடிச்சப் போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாரு. கீழ நின்னு அவரு பொஞ்சாதி, லைட் எரியுது, எறங்கி வாங்கன்னு கூப்பிடுதா. மேல ஆளு போயாச்சு. ஒரு காய்ச்சல் தலவலின்னு படுக்காத மனுசன்.

அடக்கத்துல போதகர் ஐயா பேசினாரு. பொன்சிங் ஆயத்தமா இருந்தாரு, நாம ஆயத்தமா இருக்கமான்னு கேட்டாரு. எல்லா அடக்கத்துலயும் அதைத்தான் கேப்பாரு. நாங்களும் தலைய ஆட்டிட்டு, மண்ணு போட்டுட்டு, வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுச் சாப்பிடுவோம். அதான் வழக்கம். அன்னிக்கு அவிய மட்டும் அதை நெசமாவே கேக்காருன்னு நெனச்சுட்டாவ.

கல்லறைத் தோட்டத்துல இருந்து நடந்து வாறோம். திடீர்னு, மேபல், நான் ஆயத்தமா இருக்கேனான்னு கேட்டாவ. உங்களுக்கென்ன குறை, ஒரு ஆராதனை விட்டதில்ல, காணிக்கை பிந்தினதில்ல, சீக்கிரம் நடங்க, மாவு பிசையணும்னேன். கொஞ்ச தூரம் நடந்தோம். பெறகு சொன்னாவ:

"ரோட்டுல சில பேரைக் கண்டா நான் அந்தப் பக்கமாப் போயிருதேன். இங்க உள்ளவங்க முகத்தையே பாக்க முடியலைன்னா, அங்க போயி ஆண்டவர் முகத்த எப்படிப் பாப்பேன்?"

இந்த மாதிரிப் பேச்சு நம்ம பொழப்புல வந்துதான் நிக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சு. நின்னுது.

மறுநாள் காலையில ஒரு வாத்தியாரு பன்னு கேட்டாரு. நான் பேப்பர்ல சுத்துதேன். உள்ள அடுப்படியில இருந்து அவிய தலைய நீட்டி, சார், அது நேத்துப் போட்டது, கொஞ்சம் பொறுத்தா சூடா வந்துரும்ங்காவ. சார் என்னையப் பாக்காரு. பன்னப் பாக்காரு. பெறகு வாறேன்னு போயிட்டாரு. ஒரு அம்மா வந்து, கேக்குல சுத்தமான வெண்ணெய்தானேன்னு கேட்டா. பாதி வெண்ணெய், பாதி டால்டான்னுட்டாவ. முந்திரி கேக்குன்னு கண்ணாடிப் பெட்டியில எழுதி ஒட்டியிருந்தத அவியளே கிழிச்சுப் போட்டுட்டு, முந்திரியும் வேர்க்கடலையும் போட்ட கேக்குன்னு எழுதி வச்சாவ. யாராவது அப்படி எழுதுவாங்களா?

நான் பொய் சொல்லச் சொல்லலயே, கேக்கும்போது பேசாம இருந்தாப் போதும்லா, அப்படின்னேன். பேசாம இருந்தா வெண்ணெய்னு நெனச்சிருவாங்களேன்னாவ. நெனச்சா அது நெனைக்கவங்க பாடுன்னேன். சிரிச்சிட்டே போயி முட்டை அடிக்காவ.

கொஞ்ச நாள் கடையில ஈ ஓட்டினேன். பெறகு ஆளுக வந்து, அண்ணாச்சி, இன்னிக்குள்ளது எதுன்னு அவியகிட்டயே கேட்டு வாங்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்தாங்க. யாவாரம் கூடித்தான் போச்சு, இல்லைங்கல. ஆனா அது பின்னால. அன்னிக்கு எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது ராயப்பன். சந்தைக்குப் பக்கத்துல பேக்கரி வச்சிருக்காரு, நம்மள மாதிரி வேதக்கோயில்காரரு இல்ல, மாதா கோயில்காரரு, கத்தோலிக்கம். நமக்கும் அவருக்கும் ஆகாது. ஒரு சமயம் அவரு யாவாரம் ரொம்பப் படுத்துப் போச்சு. உடைஞ்ச முட்டையும் கெட்டுப்போன முட்டையும் மொத்தமா வாங்கிக் கேக்குல போடுதாருன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அந்தப் பேச்சு எங்க இருந்து கெளம்புச்சோ, யாருக்குத் தெரியும்? ஐக்கியக் கூட்டத்துல முட்டையப் பத்தி ஒரு பேச்சு வந்தப்போ நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். எல்லாரும் சொல்லுததத்தான் சொன்னேன். எனக்கு முந்தி அவங்க யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

அவிய ஒரு சனிக்கிழமை, கடையில கூட்டம் நெரியுத நேரமாப் பாத்து, ராயப்பன் கடைக்குப் போயிருக்காவ. அத்தனை பேரு முன்னாலயும் நின்னு, முட்டைக் கதை எங்க வீட்டுல இருந்துதான் வந்துது, அது பொய், பொய்னு தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல, என்னை மன்னிக்கணும்னு சொல்லியிருக்காவ. ராயப்பன் தராசுத் தட்டக் கையில பிடிச்சிட்டு அப்படியே நின்னாராம். பெறகு, உள்ள வந்து உக்காருங்கன்னாராம். டீ வாங்கிக் குடுத்தாராம்.

அன்னிக்கு நான் அவியகூடப் பேசல. எங்க வீட்டுல இருந்துன்னு எதுக்குச் சொல்லணும்? எங்க ஊருல இருந்துன்னு சொன்னா ஆகாதா?

அதோட விட்டுச்சா? தெனமும் மத்தியானம் அடுப்பு ஆறுத நேரத்துல ரெண்டு பேரும் ராயப்பன் கடை பெஞ்சுல உக்காந்து டீ குடிக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தரு கேக்க ஒருத்தரு பிச்சுத் தின்னுட்டு, இதுல ஏலக்கா கூடிட்டு, அதுல சீனி பாகு முத்திட்டுன்னு பேச்சு. ரெண்டு கடைக்காரனும் ஒரே பெஞ்சுல இருந்தா யாவாரம் வெளங்குமான்னு கேட்டேன். அதுக்கு அவிய சொன்னத இன்னும் என்னால மறக்க முடியல.

"நித்திய ஜீவன் செத்த பொறவுதான் ஆரம்பிக்கும்னு நெனச்சிருந்தேன் மேபல். இப்பவே ஆரம்பிச்சிட்டு போலுக்கு."

"டீ குடிக்கதையா சொல்லுதீங்க?"

"ஆமா"ன்னாவ. வேடிக்கைக்குச் சொல்லல. முகத்தப் பாத்தா தெரிஞ்சுது.

சரி, கடையில பண்ணினதயெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். பெறகு என் எடத்துக்கே வந்துட்டாவ. எமிலி அக்கா விசயத்துக்கு.

எமிலி எங்கூடப் பொறந்த அக்கா. நாசரேத்துல வாக்கப்பட்டவ. என் மக ஹெப்சி கல்யாணத்துல, மாப்பிள வீட்டுக்காரங்க பந்தியில உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு ரசம் ஊத்திக்கிட்டே இவ சொல்லுதா, பொண்ணு நெறம் கம்மிதான், ஆனா நல்லா வேலை செய்வான்னு. மாப்பிளயோட அம்மா கையில எடுத்த சோத்த எலையிலயே வச்சுட்டா. நான் பாயாச வாளியோட பக்கத்துல நிக்கேன். எப்படி இருந்திருக்கும் எனக்கு? அன்னிக்குப் பேச்ச நிறுத்தினதுதான். அவ வீட்டுக்காரரு செத்ததுக்குப் போனேன், வெள்ளைச் சேலை கட்டிட்டுப் போயி நின்னுட்டு, பேசாம வந்துட்டேன்.

அதுக்காக நான் மன்னிக்கலைன்னு நெனச்சிராத. மன்னிச்சாச்சு. அந்த வருசமே ஜெபத்துல மன்னிச்சாச்சு. பேசத்தான் மாட்டேன்.

எமிலி மதினியப் போயிப் பாத்துட்டு வருவமான்னு அவிய கேட்டப்போ இதைத்தான் சொன்னேன். நான் எப்பவோ மன்னிச்சிட்டேனேன்னு.

"அது மதினிக்குத் தெரியுமா?"

"கர்த்தருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சு மதினிக்கு என்ன பிரயோசனம்?"

பாத்தியா, எப்படி மடக்குதாவன்னு? எனக்குக் கோவம் வந்துட்டு. கேக் ஆர்டர் மலையாக் குவிஞ்சு கெடக்கு, ஊர் சுத்த எனக்கு நேரமில்லைன்னேன். சரின்னு அவிய மட்டும் ஒரு நாள் காலையில கெளம்பிப் போனாவ. மத்தியானம் திரும்பி வரும்போது வாடகைக் காரு. பின்னால சீட்டுல நீட்டிப் படுத்த மேனிக்கு எமிலி.

குளிக்கத எடத்துல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேசன் பண்ணி, வீட்டுல தனியாக் கெடந்திருக்கா. மகன் மஸ்கட்டுல. பக்கத்து வீட்டுக்காரி நேரத்துக்கு ஒரு வாய் கஞ்சி கொண்டு வருவாளாம், மத்த நேரம் சுவரப் பாத்துட்டுக் கெடப்பாளாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா வரமாட்டேன்னு நெனச்சாளாக்கும்.

நான் கல்லாவ விட்டு எந்திரிக்கல. அடுத்த கிறிஸ்மஸ் நெருங்குது, உள்ள எறங்க எடமில்லாம கேக்கு. அவியளும் கார் டிரைவரும் அவளைத் தூக்கி கடைக்குப் பின்னால எங்க ரூம்லயே படுக்க வச்சாவ. நாங்க ரெண்டு பேரும் மாவு மூடைக்கு நடுவுல பாய் போட்டுப் படுத்தோம்.

நான் அவகூடப் பேசலம்மா. சோறு குடுத்தேன், துணி அலசினேன், முதுகு துடைச்சு விட்டேன். செய்யாம விடுவேனா, கூடப் பொறந்தவ. ஆனா பேச்சு கெடையாது. கேக்க வேண்டியத அவியகிட்டச் சொல்லி விடுவேன். கஞ்சி வேணுமா, இட்லி வேணுமான்னு கேளுங்கன்னு. அவளும் அப்படியே. ரூமுக்கும் அடுக்களைக்கும் அவிய நடையா நடந்தாவ.

இதுல என்ன கூத்துன்னா, அவியளுக்குத்தான் இப்ப ஒண்ணையும் மாத்திச் சொல்ல வராதே! முந்தியெல்லாம் நான் ஒண்ணு சொன்னா அதைப் பதமாக்கிச் சொல்லுவாவ. இப்ப சொன்னது சொன்னபடி. ஒரு நாள் குழம்புல உப்பு கம்மின்னு அவ சொல்லி விட்டா. நாக்கு மட்டும் நல்லா இருக்காக்கும், அது முறியலையோன்னேன், எனக்குள்ளயே. அவிய கேட்டுட்டு நேரா அங்க போயி, மதினி, மேபல் சொல்லுதா, உங்களுக்கு நாக்கு மட்டும் முறியலையோன்னுங்காவ. ஏங்க, அதையெல்லாமா சொல்லுவாங்கன்னு ஓடுதேன். நீதானே சொன்னன்னு நிக்காவ. அங்க இருந்து அவ பதிலும் அப்படியே முழுசா வந்து சேரும். ரெண்டு பேருக்கும் வேற வழியில்லாமப் போச்சு. வாயில வர்றத முழுங்கிட்டு, உப்பு கொஞ்சம் போடணுமாம், சரியாம், போட்டாச்சாம்னு மரியாதையாச் சொல்லி விட வேண்டியதாயிட்டு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அவிய ராயப்பன் கடைக்குப் போயிருந்தாவ. அங்க அடுப்பு புகைபோக்கி அடைச்சுக்கிட்டு, அவரு கேக்கையும் சேத்து நம்ம அடுப்புல போடணும்னு தட்டுகளத் தூக்கிட்டு வரப் போனாவ. அந்த நேரம் பாத்து ரூம்ல இருந்து சத்தம். மேபல்னு. அத்தனை வருசம் கழிச்சு அவ வாயில எம் பேரு.

போனேன். பாத்ரூமுக்குப் போகணும்னா. தோள்ல கையப் போட்டுத் தூக்கினேன். முந்தி என்னைய இடுப்புல வச்சுத் தூக்கிட்டு ஓடினவ, முருங்கைக்கா மாதிரி இருக்கா. திரும்பக் கொண்டாந்து கட்டில்ல உக்கார வச்சேன். என் கைய விடல.

"அன்னிக்கு நான் ஹெப்சியச் சொன்னது தப்பு"ன்னா. "மறுநாளே உனக்குப் போன் பண்ணணும்னு எடுத்தேன். நீ பேச மாட்டன்னு வச்சுட்டேன்."

"பேசியிருக்க மாட்டேன்"னுதான் சொன்னேன். அவியகூட இருந்து இருந்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிட்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சா இடுப்பு வலிக்கும். ஐயோ அம்மான்னுட்டுச் சிரிக்கா. அவளைப் பாத்து நானும். அடுப்பு நெனப்பே இல்லாம உக்காந்திருந்தேன், ஒரு தட்டு பிஸ்கட் கருகிட்டு. அவிய வந்து மோந்து பாத்துட்டு, யாரு மேல தப்புன்னு கேக்கல. கருகினதத் தட்டிக் கொட்டிட்டு ராயப்பன் கேக்க உள்ள வச்சாவ.

அந்தக் கிறிஸ்மஸ் மாதிரி ஒரு கிறிஸ்மஸ் நான் பாத்ததில்ல. ராயப்பன் குடும்பம், எமிலி, ஹெப்சி, மாப்பிள, அத்தனை பேரும் மாவு மூடை மேல உக்காந்து சாப்பிட்டோம். எமிலி ஹெப்சியக் கூப்பிட்டு என்னவோ காதுல சொன்னா. அந்தப் பிள்ளை கண்ணத் துடைச்சுட்டு, பெரியம்மாவுக்கு நான் ஊட்டி விடுதேன்னு உக்காந்துட்டா. அவிய ஒரு ஓரத்துல இருந்து பாத்துட்டே இருந்தாவ. சாப்பிடக்கூட இல்ல.

அதுக்கு அடுத்து வந்த குருத்தோலை ஞாயிறு கழிஞ்ச செவ்வாய்க்கிழமை அவிய போயிட்டாவ.

மொகத்த அப்படி வச்சுக்காதம்மா. நான் அழுது முடிச்சாச்சு. மத்தியானம் வழக்கம்போல ராயப்பன் கடை பெஞ்சு. அவரு என்னவோ சொல்ல, அவிய சிரிச்சுட்டு அவரு தோள்ல சாஞ்சிருக்காவ. வெளாட்டுக்குன்னு அவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருக்காரு.

எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு. ஊர்ல மத்தவங்கள்லாம் சாகும்போது சங்கீதம் சொல்லுதாங்க, பாட்டுப் பாடுதாங்க, வானத்தைப் பாத்துக் கைய நீட்டுதாங்க. ஐக்கியத்துல சாட்சி சொல்லணும்னா எனக்கு என்ன இருக்கு? கடைசியா என்ன பேசினாவன்னு ராயப்பன்கிட்டக் கேட்டேன். ரொம்ப யோசிச்சிட்டு, பழக்கேக்குல பேரிச்சை போடுததப் பத்திப் பேசினோம்னாரு. இதை நான் எந்தக் கூட்டத்துல சொல்ல?

அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம். ராயப்பன் கடையப் பூட்டிட்டு வந்து, முன்னால நின்னு பெட்டியத் தோள்ல வாங்கினாரு, கல்லறைத் தோட்டம் வரைக்கும் யாருக்கும் மாத்திக் குடுக்கல. அந்த வாத்தியாரு வந்தாரு. எமிலி கம்ப ஊன்றிக்கிட்டு மொத தடவையா வாசப்படி எறங்கினா. வந்தவங்க யாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகல, கவனிச்சேன். எல்லாரும் கிட்ட வந்து அவிய முகத்த நல்லாப் பாத்துட்டுத்தான் போனாங்க.

ஒருத்தி மட்டும் வரல. சுகந்தி. அவியளுக்குத் தம்பி பொஞ்சாதி. அந்தத் தம்பி முந்தியே எறந்துட்டாரு. தாயும் மகளுமா தோப்புவிளையில இருக்காங்க, நம்ம ஊருக்கு அடுத்த ஸ்டாப்பு. கூப்பிடு தூரம். ஆனாலும் வரல. காரியமெல்லாம் முடிஞ்ச பெறகு, பாத்தியா அவ நெஞ்சழுத்தத்தன்னு எமிலிகிட்டச் சொன்னேன். எமிலி என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. அவரு அங்க ரெண்டு தடவ போனாரே, உனக்குத் தெரியாதான்னா.

எனக்குத் தெரியாது. ஊரைக் கூட்டி டால்டாவச் சொன்ன மனுசன், இதை எங்கிட்டச் சொல்லலயே!

மொத தடவ போனப்போ சுகந்தி கதவையே தொறக்கலயாம். ரெண்டாவது தடவ தொறந்தாளாம். அத்தான், உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல, இது நீங்க கேக்க வேண்டிய மன்னிப்பு இல்ல, அக்கா வரட்டும்னாளாம். அக்கான்னா நான்.

என்ன விசயம்னு கேக்கியா? ஒண்ணுமில்லாத விசயம்மா. அவ மக ஒரு பையன்கூட பஸ் நிக்கிற எடத்துல பேசிட்டு நின்னா. நான் கடையில இருந்து என் கண்ணால பாத்தேன். அந்த வாரம் ஐக்கியத்துல ஜெபக்குறிப்பு கேட்டாங்க. சொன்னேன். பேரெல்லாம் சொல்லலம்மா, நான் அப்படிப்பட்டவ இல்ல. எங்க குடும்பத்துல வயசுக்கு வந்த ஒரு பிள்ளை வழிதவறிப் போகுது, அதுக்காக ஜெபிங்கன்னுதான் சொன்னேன். எங்க குடும்பத்துல கல்யாணம் ஆகாத வயசுப்பிள்ளை வேற கெடையாதுங்கது எனக்கு அப்ப ஓடல. அந்தப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பேசிட்டிருந்தாங்க. அது நின்னு போச்சு. அந்தப் பையன் பஸ் போயிருச்சான்னு கேட்டிருக்கான், அவ்வளவுதானாம். ஜெபிக்கச் சொன்னா ஜெபிக்கணும். ஊர் பூராச் சொல்லிட்டு நடந்தா அதுக்கு நானா பொறுப்பு?

எமிலிகிட்டயும் இதைத்தான் கேட்டேன். அவிய ஏன் எங்கிட்டச் சொல்லலைன்னும் கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் இருந்துது. எமிலியும் அவியகிட்டக் கேட்டிருக்கா, மேபல்கிட்டச் சொல்ல வேண்டியதுதானேன்னு. அதுக்கு அவிய, "சொன்னா எனக்காகப் போவா மதினி. அவளா போகணும். நான் அவளுக்கும் சேத்து ஆயத்தமாக முடியுமா?"ன்னாவளாம்.

அதைக் கேட்ட நாள்ல இருந்து எனக்கு வேதம் வாசிச்சா ஏற மாட்டேங்குது. காப்பி மட்டும் குடிக்கேன்.

அந்தா பாரு, கோயில் கோபுரம் தெரியுதுல்லா, அதான் நேசபுரம். அந்தப் பச்சைப் போர்டு நம்ம கடை. ராயப்பன் மக்கமாரு ரெண்டு பேரும்தான் இப்ப அடுப்பு. வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து எல்லாரையும் வெரட்டிட்டிருக்கது எமிலி. இல்லம்மா, நான் எறங்கல. டிக்கெட் அடுத்த ஸ்டாப்புக்கு எடுத்திருக்கேன். எமிலிகிட்டக்கூடச் சொல்லல. சொன்னா கம்ப எடுத்துட்டு நானும் வாறேன்னு நிப்பா. இது கூட்டமாப் போற காரியம் இல்ல.

மன்னிப்புக் கேக்கத்தான் போறேன்னு நெனச்சிராத. சும்மா போறேன். பாத்து நாளாச்சுல்லா. அந்தப் பிள்ளை இப்ப நர்ஸ் வேலைக்குப் படிக்காளாம், படிப்பு எப்படிப் போகுதுன்னு கேக்கலாம்.

என்னன்னு பேச்ச ஆரம்பிக்கதுன்னுதான் தெரியல. வீட்டுல ஒரு மாதிரி யோசிச்சு வச்சேன். சுகந்தி, நான் ஜெபத்துக்குத்தான் சொன்னேன், வேற எண்ணத்துல சொல்லலன்னு. நீ என்ன சொல்லுத? அது சரி வருமா?

ஏம்மா பேசாம இருக்க?

ம். எனக்கும் அப்படித்தான் படுது.

அப்ப அதை விட்டுருவோம். அதை விட்டா சொல்லுததுக்கு என்ன மிச்சம் இருக்கு? தப்புன்னு ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல இவ்வளவு தூரம் பஸ்ஸுல வரணுமாக்கும்.

கதவத் தொறக்கலைன்னா நாளைக்கு வருவேன். கடைய எமிலி பாத்துக்கிடுவா.

அந்தப் பையக் கொஞ்சம் பிடிம்மா, கம்பியப் பிடிச்சு எந்திரிச்சுக்கிடுதேன். மக்ரூன நீயே வச்சுக்கோ, இன்னிக்குக் காலையில போட்டது. எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்கோ. யாருகிட்டயும் சொல்லிராத.

தம்பி, தோப்புவிளை நிப்பாட்டுங்க. ஒரு ஆளு எறங்கணும்.